கடைசிக் கட்டத்தில் யார் சிரிக்கிறார்கள்: பிடிக்காத காமிக்ஸ் பாத்திரத்தை விமர்சிப்பது எப்படி

"ஏம்மா, அந்தக் கண்ணாடிக்காரர் வந்தா மட்டும் பக்கத்தை டக்குன்னு திருப்பிடுற?"

மகள் கேட்டபோதுதான் நான் அப்படிச் செய்வதே எனக்குத் தெரிந்தது. தினசரியில் வரும் காமிக்ஸ் பக்கத்தை அவளும் நானும் சேர்ந்து படிப்பது நாலு வருடப் பழக்கம். அதில் ஒரு ஸ்ட்ரிப், அதாவது மூன்று நாலு கட்டத்தில் முடியும் படக்கதை, என்றால் எனக்கு உயிர். ஒரு தெரு, அதில் நாலைந்து பிள்ளைகள், அவர்கள் அடிக்கும் கூத்து, அவ்வளவுதான் கதை. ஒன்றரை வருடத்துக்கு முன் அந்தத் தெருவுக்குப் புதிதாக ஒருவரைக் குடிவைத்தார் கார்ட்டூனிஸ்ட். வட்டக் கண்ணாடி, கழுத்துப் பட்டன்வரை போட்ட சட்டை. யார் என்ன சொன்னாலும் திருத்துவார். சிரிக்கவே மாட்டார். அவர் வந்த நாளிலிருந்து அந்த ஸ்ட்ரிப் எனக்குக் கசந்துபோனது. (அதன் பெயரை இங்கே சொல்லவில்லை. வரைகிறவர் இன்னும் வரைந்துகொண்டிருக்கிறார். அவரிடம் சொல்ல வேண்டியதை அவருக்கே எழுதிவிட்டேன்.)

மகள் கேட்ட அன்று ராத்திரியே பத்திரிகைக்கு இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். எரிச்சலான ஆள், போர், உடனே தூக்குங்கள். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு வரியில் பதில் வந்தது. ஒரு மாதம் கழித்து நகலை எடுத்துப் படித்தேன். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. என் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் படிக்கிறவருக்கு அந்தக் காரணத்தைக் காட்டவே இல்லை. அதற்கப்புறம் கத்தரித்து, ஒட்டி, எண்ணிப் பார்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காத பாத்திரம் வேறு, மோசமாக எழுதப்பட்ட பாத்திரம் வேறு.

பீனட்ஸ் என்ற அமெரிக்க ஸ்ட்ரிப்பைப் படித்தவர்களுக்கு லூசியைத் தெரியும். 1952 மார்ச்சில் சின்னக் குழந்தையாக அந்த ஸ்ட்ரிப்புக்குள் வந்தவள், கொஞ்ச நாளில் எல்லாரையும் அதட்டுகிறவளாகிவிட்டாள். கதையின் நாயகன் சார்லி பிரவுன் பந்தை உதைக்க ஓடிவருவான். கடைசி நொடியில் பந்தை எடுத்துவிடுவாள். அவன் மல்லாந்து விழுவான். வருஷாவருஷம் இதே கதை. 5 சென்ட் வாங்கிக்கொண்டு மனநல ஆலோசனை வேறு சொல்வாள், அதிலும் பாதி திட்டுதான். நம் பக்கத்து வீட்டில் இப்படி ஒரு பெண் இருந்தால் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடமாட்டோம். ஆனால் அவள்தான் ஷ்ரோடரின் குட்டிப் பியானோமேல் சாய்ந்துகொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவனுக்கோ பீத்தோவனைத் தவிர வேறு நினைப்பே இல்லை. அந்த இடத்தில் அவள் தோற்கிறாள். பிளாண்டி என்ற ஸ்ட்ரிப்பில் நாயகன் டாக்வுட்டின் முதலாளி டிதர்ஸ் அலுவலகத்தில் கத்துவார், வேலையை விட்டுத் தூக்குவார். மனைவி கோராவுக்கு முன்னால் அடங்கிப்போவார். சோம்பேறிச் சிப்பாய் பீட்டில் பெய்லியை அடித்துச் சுருட்டிப் போடும் சார்ஜென்ட் ஸ்னார்க்கலுக்கு ராணுவ முகாமை விட்டால் போக்கிடம் இல்லை, துணைக்கு ஓட்டோ என்ற நாய். இவர்களில் யாருமே நல்லவர்கள் இல்லை. ஆனாலும் எல்லாரும் நன்றாக எழுதப்பட்டவர்கள்.

சிரிக்காத பாத்திரம் என்பதற்காகவும் யாரையும் குற்றம் சொல்லிவிட முடியாது. டென்னிஸ் த மெனஸில் பக்கத்து வீட்டு வில்சனுக்குச் சிரிப்பே வராது. அதனால்தான் குறும்புக்காரப் பையன் டென்னிஸ் வேலியைத் தாண்டியவுடன் நமக்குச் சிரிப்பு வருகிறது. உலகம் ஒரு மாதிரி போகிறது, அவர் வேறு மாதிரிப் போக வேண்டும் என்கிறார். அந்த இடைவெளியில்தான் சிரிப்பு பிறக்கிறது. ஸ்ட்ரிப்பே அவரோடு சேர்ந்து "ஆமாம், அவர் சொல்வதுதான் சரி" என்று சொல்ல ஆரம்பித்தால் இடைவெளி மூடிவிடும். என் கண்ணாடிக்காரருக்கு நடந்தது அதுதான். ஆக, "இவர் நல்லவரா, கெட்டவரா" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். இந்த ஸ்ட்ரிப் யார் பக்கம் நிற்கிறது? அதைக் கேளுங்கள். விமர்சனம் முழுவதும் அந்தக் கேள்வியில்தான் நிற்கும்.

பதில் கண்டுபிடிக்கக் கத்தரிக்கோலும் ஒரு பழைய நோட்டும் போதும். அந்தப் பாத்திரம் வரும் நாட்களை மட்டும் கத்தரித்துத் தேதியோடு ஒட்டுங்கள். ஐந்து பத்து போதாது. எந்த ஸ்ட்ரிப்புக்கும் ஒரு மோசமான வாரம் வரும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது அநியாயம். நான் முப்பது சேர்த்தேன், இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. ஒவ்வொன்றின் கீழும் நாலே விஷயம் எழுதினேன். கடைசி பலூன், அதாவது பேச்சை எழுதும் வட்டம், யாருடையது? அவருக்கு யாராவது பதில் சொன்னார்களா? அவர் நினைத்தது நடக்காமல் போனதா? கடைசிக் கட்டத்தில் யார் முகத்தில் சிரிப்பு இருக்கிறது? முப்பதில் இருபத்தாறு நாள் கடைசி பலூன் கண்ணாடிக்காரருடையது. பதில் பேசியவர்கள் இரண்டே பேர். அவர் ஒரு தடவைகூடத் தோற்கவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சலுக்குக் காரணம் அந்த நோட்டில் கண்ணுக்குத் தெரிந்தது.

எண்ணிக்கை பாதி வேலை. மீதிப் பாதிக்கு ஒரே ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்து நிதானமாகப் பார்க்க வேண்டும். நான் எடுத்தது ஒரு பட்டம் விடும் ஸ்ட்ரிப்.

மூன்று கட்டம். முதல் கட்டத்தில் தெருவின் குட்டைப் பையன் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான். பட்டத்தின் வால் கட்டத்தின் மேல்கோட்டைத் தாண்டி வெளியே போகிறது. அவ்வளவு உயரமாம். அழகான கோடு அது, அந்த ஒரு கோட்டுக்காகவே இவரை நான் இன்னும் விடாமல் படிக்கிறேன். இரண்டாவது கட்டத்தில் கண்ணாடிக்காரர்: "அது பட்டம் விடும் நூல் இல்லை. துணி தைக்கும் நூல். அறுந்துவிடும்." மூன்றாவதில் நூல் அறுந்து பையன் கையில் தொங்குகிறது. அவனுக்குக் கண் இரண்டு புள்ளி, வாயே வரையவில்லை. கண்ணாடிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, "சொன்னேனே."

அவர் சொன்னது சரிதான். தையல் நூல் தாங்காது. ஒரு பாத்திரம் சரியாகச் சொல்வதில் தப்பே இல்லை. பல தடவை படித்தும் எது என்னை உறுத்துகிறது என்று தெரியவில்லை. மகள்தான் காட்டினாள். பின்னால், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு ஜன்னல். ஜன்னலில் பையனின் அம்மா. அவள் கண்ணாடிக்காரரைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

"அவன் அம்மாவே அந்தப் பக்கம் இருக்காங்கம்மா" என்றாள்.

நான் இரண்டு பக்கம் எழுதியும் சொல்ல முடியாததை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். கார்ட்டூனிஸ்ட் யார் பக்கம் என்பதற்கு அந்த ஜன்னல்தான் சாட்சி. நீங்களும் இப்படி ஒன்றைத் தேடுங்கள். வசனத்தைவிடப் படத்தில்தான் அது பெரும்பாலும் இருக்கும்: பின்னால் நிற்பவர்களின் முகம், யார் பெரிதாக வரையப்பட்டிருக்கிறார், யார் கட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறார், எழுத்தின் வடிவம்கூட. கால்வின் அண்ட் ஹாப்ஸ் ஸ்ட்ரிப்பில் சிறுவன் கால்வினை மிரட்டிக் காசு பிடுங்கும் மோ பேசினால், பலூனில் எழுத்தே மற்றவர்களுடையதுபோல இருக்காது, படிக்காத கை எழுதியதுபோல இருக்கும். அவனைப் பற்றி அதை வரைந்த வாட்டர்சன் என்ன நினைக்கிறார் என்று அந்த எழுத்தே சொல்லிவிடுகிறது. அடி வாங்குவது கால்வின்தான், ஆனாலும் ஸ்ட்ரிப் கால்வின் பக்கம் நிற்கிறது.

இன்னும் இரண்டு சோதனைகள் எனக்குக் கைகொடுத்தன. ஒன்று, அந்தப் பாத்திரத்தின் பலூன்களை மட்டும் விரலால் மூடிவிட்டுப் படிப்பது. நன்றாக எழுதப்பட்ட சிடுமூஞ்சி என்றால், அவர் பேச்சை மூடினால் ஸ்ட்ரிப் குலைந்துபோகும். கண்ணாடிக்காரரை மூடிவிட்டுப் படித்தபோது பட்டக் கதை முன்பைவிட நன்றாக இருந்தது. பட்டம் பறக்கிறது, நூல் அறுகிறது, பையன் நிற்கிறான். சோகம்தான், ஆனால் அது அவனுடைய கதை. இரண்டாவது சோதனை, அந்த ஆள் நிற்கும் இடத்தில் ஒரு அறிவிப்புப் பலகையை நட்டுப் பார்ப்பது. "இந்த நூல் அறுந்துவிடும்" என்று எழுதிய பலகை. கதை துளிகூட மாறவில்லை என்றால், வரைந்திருப்பது மனிதர் இல்லை, கண்ணாடி போட்ட பலகை. லூசி இருக்கும் இடத்தில் பலகையை நட முடியுமா? சார்லி பிரவுன் பலகையை நம்பி ஓடிவர மாட்டான். "இந்தத் தடவை எடுக்கமாட்டேன்" என்று அவள் சொல்லும் விதத்தை நம்பித்தான் ஓடிவருகிறான்.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் வெறுக்கும் சிரிக்காத பாத்திரம் ஒரு மனைவியாகவோ, அம்மாவாகவோ, மாமியாராகவோ இருந்தால் இன்னொரு தடவை யோசியுங்கள். குடும்ப ஸ்ட்ரிப்களில் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் கூத்தடிக்கும் வேலை, அவளுக்கு "வேண்டாம்" சொல்லும் வேலை. கதவைத் திறந்து முறைப்பதற்கு மட்டும் வருவாள். அவளை "சிடுசிடு" என்று எழுதுவது, ஒருவரை வெயிலில் நிற்க வைத்துவிட்டு ஏன் வியர்க்கிறது என்று கேட்பதைப் போன்றது. அப்படிப்பட்ட பாத்திரத்தைப் பற்றி எழுதும்போது குற்றச்சாட்டைத் திருப்பி வையுங்கள்: இவளுக்குச் சிரிக்க ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லையே, இவள் ஆசைப்பட்டது எது என்று ஒரு ஸ்ட்ரிப்பாவது சொன்னதா, தனியாக இருக்கும்போது இவள் என்ன செய்கிறாள்? என் நோட்டிலேயே அந்த ஜன்னல் அம்மாவுக்கு எத்தனை பலூன் என்று பிற்பாடு பார்த்தேன். முப்பது ஸ்ட்ரிப்பில் ஐந்து. ஐந்தும் "உள்ளே வா."

எழுதுவதற்கு முன் கார்ட்டூனிஸ்ட்மேல் தப்பில்லாதவற்றையும் கழித்துவிடுங்கள். மொழிபெயர்ப்பில் படிக்கிறீர்கள் என்றால் பாதி ஜோக் பலூனின் அளவிலேயே செத்துப்போகும். சிலேடை அடுத்த மொழிக்கு வராது. இடம் போதாமல் வாக்கியத்தை வெட்டுவார்கள், வெட்டினால் கிண்டல் போய்க் கட்டளை மட்டும் மிஞ்சும். முடிந்தால் மூலத்தைத் தேடிப் பாருங்கள். ஞாயிறு ஸ்ட்ரிப்பில் மேல்வரிசைக் கட்டங்களை இடத்துக்காகப் பத்திரிகைகள் எடுத்துவிடுவது உண்டு, அதற்கு வசதியாகவே பலரும் வரைகிறார்கள். எடுத்துவிட்ட கட்டத்தில் அந்த ஆள் வழுக்கி விழுந்திருக்கலாம். யார் கை என்றும் பாருங்கள். பிளாண்டியை 1930-ல் தொடங்கிய சிக் யங் 1973-ல் இறந்தபின் மகன் டீன் யங் தொடர்ந்தார். ஹேகர் என்ற ஸ்ட்ரிப்பை 1973-ல் தொடங்கிய டிக் பிரவுனுக்குப் பிறகு மகன் கிறிஸ் பிரவுன் வரைந்தார். பாத்திரம் மாறிவிட்டதாகத் தோன்றினால் கை மாறியிருக்கலாம். பழைய ஸ்ட்ரிப்பை மறுபடி போடுகிறார்களா என்பதும் முக்கியம். பீனட்ஸின் கடைசி ஸ்ட்ரிப் 2000 பிப்ரவரி 13-ல் வந்தது, அதை வரைந்த ஷுல்ஸ் அதற்கு முந்தின நாள்தான் இறந்திருந்தார். இன்று வருவதெல்லாம் மறுபதிப்பு. அதைப் பற்றி எழுதலாம், ஆனால் "மாற்றுங்கள்" என்று கேட்க ஆள் இல்லை.

ஷுல்ஸ் இருந்த காலத்தில் கேட்ட ஒருவர் உண்டு. இந்த விஷயத்தில் கடிதம் எழுத நினைக்கும் யாரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது. 1954 நவம்பர் 30-ல் பீனட்ஸுக்குள் சார்லட் பிரவுன் என்ற பெண் வந்தாள். ஒலி சார்லி பிரவுன் மாதிரியே இருக்கும், ஆங்கில எழுத்து மட்டும் வேறு. எப்போதும் தொண்டை கிழியப் பேசுவாள். அடக்கிப் பேசவே தெரியாது. அவ்வளவுதான் அவள் குணம். வாசகர் ஒருவர் அவளைப் பிடிக்கவில்லை என்று ஷுல்ஸுக்கு எழுதினார். 1955 ஜனவரி 5-ல் ஷுல்ஸ் கைப்பட பதில் எழுதினார்: உங்கள் யோசனையை ஏற்கிறேன், அவளை எடுத்துவிடுகிறேன், ஆனால் ஒரு அறியாக் குழந்தையின் சாவு உங்கள் மனசாட்சியில் இருக்கும், தாங்குவீர்களா என்று. கடிதத்தின் அடியில் தலையில் கோடரி இறங்கிய சார்லட்டையும் வரைந்திருந்தார். பிப்ரவரி 1-க்குப் பிறகு அவள் வரவில்லை. மொத்தம் பத்து ஸ்ட்ரிப். அந்தக் கடிதம் இப்போது அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கிறது.

அவர் விளையாட்டாகத்தான் எழுதினார், எனக்குத் தெரியும். ஆனாலும் அதைப் படித்தபிறகு "தூக்குங்கள்" என்ற சொல் என் பேனாவில் வரவில்லை. இன்னொன்றும் தோன்றியது: சார்லட்டின் சத்தத்தால் அவள் போகவில்லை, சத்தம் போட லூசி ஏற்கனவே அங்கே இருந்தாள். ஒரே வேலைக்கு இரண்டு பேர். உங்கள் பாத்திரம் செய்யும் வேலையை அதே ஸ்ட்ரிப்பில் இன்னொருவர் இன்னும் நன்றாகச் செய்கிறாரா என்று பாருங்கள். செய்தால் அதுவே உங்கள் வாதத்தில் பலமான வரி. ஜனவரி 5-க்கும் பிப்ரவரி 1-க்கும் நடுவே கிட்டத்தட்ட நாலு வாரம் என்பதையும் கவனியுங்கள். தினசரி ஸ்ட்ரிப்பை வாரக்கணக்கில் முன்கூட்டியே வரைந்து கொடுத்துவிடுகிறார்கள், ஞாயிறு ஸ்ட்ரிப் அதற்கும் முன்னால். இன்று எழுதிவிட்டு அடுத்த வாரமே மாற்றம் இல்லையே என்று மறுபடி எழுதாதீர்கள்.

இனி எழுத்து. ஒரு பக்கம் போதும். முதல் வரியில் அந்த ஸ்ட்ரிப்பில் உங்களுக்குப் பிடித்த ஒன்றைச் சொல்லுங்கள், ஆனால் மனதில் உள்ளதைச் சொல்லுங்கள். சும்மா புகழ்ச்சி என்றால் அவருக்குத் தெரிந்துவிடும். நான் பட்டத்தின் வாலைப் பற்றி எழுதினேன். பிறகு நேராக ஆதாரத்துக்கு. "இவர் சகிக்க முடியாத ஆள்" என்பதை வெட்டிவிட்டு, "இவர் வந்த முப்பது ஸ்ட்ரிப்பில் இருபத்தாறில் கடைசிச் சொல் இவருடையது, ஒன்றில்கூட இவர் தோற்கவில்லை" என்று எழுதுங்கள். "நகைச்சுவையே இல்லை" என்பதை வெட்டிவிட்டு, "இவருக்குப் பதில் பேச இரண்டு பேரைத் தவிர யாரையும் விடவில்லை" என்று எழுதுங்கள். முதல் வகை வரிகளைப் படித்தால் அவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். இரண்டாவது வகையைப் படித்தால் தன் ஸ்ட்ரிப்பைத் திரும்ப எடுத்துப் பார்ப்பார். கார்ட்டூனிஸ்டின் வயது, குடும்பம், அவர் பாத்திரத்தில் தன்னையே வரைகிறாரோ என்ற ஊகம், இவை எதுவும் வேண்டாம். பாத்திரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கடுமையாகச் சொல்லுங்கள், வரைகிற கையை மனிதருடைய கையாக நினைத்து எழுதுங்கள். வாரத்தில் ஆறு நாளும் ஞாயிறும் ஒரு ஜோக் யோசிப்பது லேசான வேலை இல்லை.

கத்தரித்ததில் ஒன்றை மட்டும் இணையுங்கள். முப்பதையும் அனுப்பினால் குற்றப்பத்திரிகை மாதிரி இருக்கும். கோரிக்கையும் ஒன்றுதான் இருக்க வேண்டும், அது வரையக்கூடியதாக இருக்க வேண்டும். "இன்னும் வேடிக்கையாக ஆக்குங்கள்" என்று யாராலும் வரைய முடியாது.

என் இரண்டாவது கடிதம் அரைப் பக்கம்தான். பட்ட ஸ்ட்ரிப்பின் நகலில் ஜன்னலுக்கு ஒரு அம்புக்குறி போட்டு இணைத்தேன். கேட்டது இதுதான்: ஒரு நாள் அதே தையல் நூல் அறாமல் இருக்கட்டும், பட்டம் பறக்கட்டும், கண்ணாடிக்காரர் அண்ணாந்து பார்க்கட்டும். அவர் சிரிக்கவேண்டும் என்றுகூட இல்லை. உறையை ஒட்டுவதற்கு முன் மகள் வாங்கிப் படித்தாள். கீழே இருந்த இடத்தில் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தாள்: "அன்னைக்கு அவன் அம்மா ஜன்னல்ல நிக்காம வெளியில வந்து நிக்கட்டும்."